நடுவில் இல்லாத சுவர்

அண்ணன் ஓட்டிய வேனின் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் ஒரே மாதத்தில் உடைந்தன. இடது பக்கத்துக் கண்ணாடி மில் கேட் தூணில் உரசிப் போனது. வலது பக்கத்தது வத்திராயிருப்பு ரோட்டில் எதிர் ஓரமாக நின்றிருந்த டிராக்டரில் இடித்துப் போனது. கான்சாபுரத்தில் ஆரம்பித்து வழியெல்லாம் நின்று, மில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஷிப்டு தொடங்குவதற்கு முன் ராஜபாளையத்தில் இறக்கிவிடுவதுதான் அவர் வேலை. இருபது வருஷமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். வேனில் வரும் ஒரு பெண், "அண்ணே, வண்டிக்குக் கண்ணாடி மாத்துறத விட்டுட்டு மொதல்ல ஒங்களுக்கு ஒண்ணு போடுங்க" என்று சொன்னதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பை அவர் தினமும் தட்டிவிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரே காம்பவுண்டுக்குள் அவர் வீடும் என் வீடும். அவருக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். நான் கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாந்துச் சட்டியைக் கையில் கொடுத்தால் பொழுது சாயும் வரை வேலை செய்வேன், ஆனால் ஆளைப் பார்த்துப் பேச வராது. புது வீட்டு வேலை பேசப் போகும்போது அண்ணனைத்தான் கூட்டிக்கொண்டு போவேன். அவர் வீட்டுக்காரரிடம் பேசி முடிப்பார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். "ஏலே, நீ கட்டுற சொவரு பேசுற அளவுகூட நீ பேச மாட்டேங்க" என்பார். இப்படியே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

கண் டாக்டர் அண்ணனை எழுத்துகள் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தார். பிறகு ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அதில்தான் விஷயம் தெரிந்தது. நேரே இருப்பது தெரிகிறது, இரண்டு ஓரத்திலும் இருப்பது தெரியவில்லை. வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் மறைப்புக் கட்டியதுபோல. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பியில் கட்டி வளர்ந்து, மேலே போகும் பார்வை நரம்பை நெருக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. புற்று இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

அந்த ஆபரேஷன் செய்யும் மூக்கு டாக்டர் மதுரைக்காரர். வியாழக்கிழமைதோறும் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவார். அண்ணன், மதினி, நான் மூவரும் போனோம். நான் கதவோரம் நின்றுகொண்டேன். தலையைத் திறக்க வேண்டியதில்லை, மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். மூக்குக்குப் பின்னால், மண்டையின் நடுவில், காற்று அடைத்த ஒரு எலும்பு அறை இருக்கிறதாம். அதன் கூரைக்கு மேலேதான் அந்தச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். ஸ்பீனாய்டு சைனஸ் என்று அந்த அறைக்குப் பேர் சொன்னார்.

"எம்.ஆர்.ஐ.ல கட்டி நல்லா தெரியுது. ஆனா நான் போற வழி எலும்பு. எலும்பு சி.டி.லதான் தெளிவாத் தெரியும். எடுத்து அடுத்த வியாழக்கிழமை படத்தைக் கொண்டுவந்து காட்டுங்க, இவர் வரணும்னு இல்லை. பார்த்துட்டு ஆபரேஷனுக்கு நாள் சொல்றேன். தள்ளிப் போடாதீங்க, நரம்பு நசுங்கிட்டு இருக்கு. வண்டியும் ஓட்டாதீங்க" என்றார்.

வண்டி ஓட்டாமல் இருக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம்தானே, நேரே பார்க்கத்தானே செய்கிறேன் என்றார். மதினியும் அந்த ஒரு வாரத்துக்காக அவரோடு சண்டை போடவில்லை.

சனிக்கிழமை சி.டி. எடுத்தோம். திங்கட்கிழமை படத்தை வாங்க நான் மட்டும் ராஜபாளையம் போனேன். இரண்டு படம், ஒரு டைப் அடித்த தாள். கவுண்டரில் இருந்த பெண், "பத்திரமா வச்சுக்கங்க. ஆபரேஷன் அன்னைக்கும் இது வேணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் 'பத்திரமா' என்ற ஒரு சொல்தான் எனக்குள் வேலை செய்தது. எங்கள் அப்பா காலத்து நிலப் பட்டா ஒரு மழையில் நனைந்து மை ஊறிப்போய், அதற்கு நகல் வாங்க நாங்கள் இரண்டு வருஷம் தாலுகா ஆபீசுக்கு அலைந்தோம். இந்த மேசைக்குப் போ, அந்த மேசைக்குப் போ, நாளைக்கு வா. அதிலிருந்து வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் முதல் காரியமாக லேமினேஷன் போட்டுவிடுவேன். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் விறைப்பாக இருக்கும். ஒரு தாள் போனால் மறு தாள் கிடைக்காது என்பது என் அனுபவம். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இதெல்லாம் போடலாமா? நான் இதுவரைக்கும் போட்டதில்லயே" என்றாள். டாக்டரிடமோ ஸ்கேன் எடுத்த இடத்திலோ கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்பதற்கு யாருக்காவது போன் போட வேண்டும், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச வேண்டும். போடலாம் என்று தலையை ஆட்டினேன். அவள் இரண்டு படத்தையும் முதுகோடு முதுகாக ஒரே பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினுக்குள் விட்டாள்.

மெஷின் மெதுவாக இழுத்துக்கொண்டது. மறுபக்கம் வெளியே வந்த முதல் இரண்டு விரல் அகலத்திலேயே தெரிந்துவிட்டது. அண்ணனின் மண்டை எலும்பு வெள்ளை வெள்ளையாக வரிசையாக இருந்த இடமெல்லாம் ஒரே கறுப்பு. நிறுத்த முடியாது, நிறுத்தினால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். முழுவதும் வெளியே வரும் வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சூடாக, பளபளப்பாக, தார் தடவியதுபோல வந்து விழுந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கேட்டேன்ல அண்ணாச்சி" என்றாள். ஆமாம் என்றேன்.

அதைச் சாமான் வைக்கும் சாக்குப் பைக்குள் செருகி, வேலை நடக்கும் வீட்டில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் கேட்டார். "போறியா? நான் பொண்ணுகள எறக்கிவிட்டுட்டு வாரேன், ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு" என்றார். எனக்கு வாயில் வந்தது, "டாக்டர் இந்த வாரம் வரலியாம்" என்பதுதான். நான் சொல்லும் பேச்சில் பொய் இருக்குமென்று என் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நான் பேசுவதே குறைவு. அண்ணன் நம்பிவிட்டார்.

இரண்டாவது வியாழக்கிழமை உண்மையாகவே போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒவ்வொருவராக உள்ளே போகப் போக நான் டோக்கனைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் திட்டுவார், எல்லோருக்கும் கேட்கும், இன்னொரு தடவை மெஷினுக்குள் படுக்க வைக்க வேண்டும் என்பார், அண்ணனுக்கு என்ன சொல்வது. என் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல வெளியே நடந்து, அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் மறுபடியும் அதே பொய்.

மூன்றாவது வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போனேன். கவுண்டரில் கூட்டம். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். குறைந்தது. அதே பெண் நிமிர்ந்து, "என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த இடத்தில் இன்னும் நான்கு வார்த்தை பேசியிருந்தால் போதும். இன்றைக்கும் சில நாள் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருக்கும்போது அந்த நான்கு வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பேன். படம் கெட்டுப்போச்சு, இன்னொண்ணு வேணும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னலே அவன், மூணு வாரமா வராம? மனுச உயிருன்னா அவனுக்கு வெளையாட்டா இருக்கா?" என்றார். மதினி, மதுரைக்கே போய்ப் பார்க்கலாமா தம்பி என்று என்னைக் கேட்டாள். அடுத்த வாரம் கட்டாயம் வருவாராம் என்றேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஷிப்டு முடிந்து திரும்பும்போது, கான்சாபுரம் விலக்கில் ஒரு பெண் இடது பக்கப் படியில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். அவளைப் பார்க்கவில்லை. அவள் ரோட்டில் விழுந்து முட்டியிலும் தாடையிலும் அடி. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் பின்சக்கரம் ஏறியிருக்கும். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. வண்டி முதலாளி வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அண்ணன் வீட்டுக்கு நடந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே உட்கார்ந்து, "அவ கையைப் புடிச்சு எந்திரிக்க வச்சேன். அவ மூஞ்சி எனக்கு முழுசாத் தெரியல" என்றார்.

நான்காவது வியாழக்கிழமை அந்தக் கறுப்பு அட்டையோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன். முதலில் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அட்டையை மேசை மேல் வைத்தேன். அவர் எடுத்து விளக்குப் பெட்டியில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"லேமினேசன் போட்டேன் சார். பத்திரமா இருக்கட்டும்னு."

அவர் சிரிக்கவில்லை. இந்த ஷீட்டில் படம் விழுவதே சூட்டினால்தான், மறுபடி சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும் என்று சொன்னார். பிறகு போனை எடுத்து ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் பேசினார். அண்ணன் பேரையும் தேதியையும் சொன்னார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, அவர் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் வந்துவிட்டது. ஷீட்டில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. எல்லாம் அங்கே மெஷினிலேயே இருக்குமாம். எத்தனை தடவை கேட்டாலும் தருவார்களாம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று டாக்டர் கேட்டார். கொத்தனார் என்றேன். அப்படியென்றால் உங்களுக்குப் புரியும் என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார்.

திரையில் எலும்பு வெள்ளையாகவும் காற்று கறுப்பாகவும் இருந்தது. அண்ணனின் தலைக்குள் இருக்கும் அந்த அறையை அங்கேதான் பார்த்தேன். சின்ன அறை, ஒரு எலுமிச்சம்பழம் கொள்ளுமா என்றால் சந்தேகம். அதற்குள் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று முன்னிருந்து பின்னால் போயிற்று. அதுதான் அறையை இரண்டாகப் பிரிக்கும் எலும்புச் சுவர் என்றார். முன்னால் நடுவில் சரியாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக இடது பக்கம் சாய்ந்து, பின்னால் போய் ஒரு வட்டமான மேட்டில் சேர்ந்தது. ஒரு அறை சின்னதாகவும் ஒரு அறை பெரிதாகவும் இருந்தது. நான் பார்த்த வரையில் நூல் பிடிக்காமல் கட்டிய பார்ட்டிஷன் சுவர் அது. யாருக்கும் இது சரியாக நடுவில் இருப்பது அபூர்வம், சிலருக்கு இரண்டு மூன்று சுவர்கூட இருக்கும் என்றார் டாக்டர்.

அந்த வட்டமான மேட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அதற்குள்தான் போகிறது. மேலே இருப்பது முட்டை ஓடு மாதிரி எலும்பு. "கட்டிக்குப் போக நான் இந்தச் சுவரை எடுத்தாகணும். சாதாரணமா இடுக்கியால புடிச்சு ஒரு திருகு திருகினா வந்துடும். இவருக்கு அப்படித் திருகினா, சுவரோட சேர்ந்து அந்த ஓடும் வரும். குழாய் கிழிஞ்சுடும். ஆள் மேசையிலேயே போயிடுவார். அதனால இவருக்குச் சுவரைத் திருகாம, கொஞ்சம் கொஞ்சமா ராவி எடுக்கணும். சுவர் நடுவுல இருக்குன்னு நெனச்சு அது பின்னாடியே போனாலும் தப்பான எடத்துக்குத்தான் போவேன்."

எனக்குப் புரிந்தது. குடியிருக்கும் வீட்டில் பழைய தடுப்புச் சுவரை எடுக்கும்போது, அது எந்தத் தூணில் கடித்திருக்கிறது, உள்ளே பைப் போகிறதா என்று பார்க்காமல் கடப்பாரையை வைக்க மாட்டேன். உளியும் சுத்தியலுமாக ஒவ்வொரு கல்லாகத்தான் எடுப்பேன். அண்ணன் தலைக்குள் இருக்கும் சுவரைக் காட்டும் தாளைத்தான் நான் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

"எப்போ கறுத்தது?" என்று கேட்டார்.

"மூணு வாரம் ஆச்சு சார்."

அவர் டைரியைப் புரட்டினார். திங்கட்கிழமை மதுரையில் வந்து சேரச் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தக் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் மூக்கில் அடைத்த துணியோடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தார். அதை எடுத்த பிறகு வலது கண்ணின் ஓரப் பார்வை திரும்பியது. வார்டு ஜன்னலைத் திரும்பாமலே பார்த்ததாகச் சந்தோஷப்பட்டார். இடது கண்ணின் ஓரம் அடைபட்டது அடைபட்டதுதான். ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள். ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று தெரிந்த அன்று, வண்டி ஓட்டும்போது தலையில் கட்டும் துண்டைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்தார்.

அந்த ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அண்ணன், மதினியோடு நானும் போயிருந்தேன். டாக்டர் கண் டெஸ்ட் தாளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாடியே பண்ணியிருந்தால் இதுவும் திரும்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அண்ணன் சொன்னார், "நாங்க தயாராத்தான் இருந்தோம். நீங்கதான சார் மூணு வாரம் வராமப் போனீக."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் அவர் மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமா, தாமதமாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சீட்டில் எழுத ஆரம்பித்தார். அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். மூன்று வியாழக்கிழமையும் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்த அவர், வராதவர் என்ற பேரை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சை எல்லா இடத்திலும் சொன்னார். முன்பு பெண்களை இறக்கிவிட்ட மில்லிலேயே அவருக்குக் கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலை கிடைத்திருந்தது. வருகிற டிரைவர், லோடு ஏற்றுகிறவர், எல்லோரிடமும், அந்த டாக்டர் மூணு வாரம் ஏமாத்தினான், எங்கண்ணு போச்சு, அவங்கிட்டப் போகாதீங்க என்பார். அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால், "எந் தம்பியக் கேளுங்க, அவன்தான் வாராவாரம் போயிட்டு வந்தான்" என்பார். என்னைச் சாட்சிக்கு அழைப்பார். நான் தலையாட்டியிருக்கிறேன்.

வருஷம் முடிந்ததும் கட்டி மறுபடி வளர்கிறதா என்று ஸ்கேன் எடுத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். வேற ஆளப் பாப்போம், இல்லாட்டி கெடக்கட்டும்" என்றார். இரண்டு மாதம் தள்ளிப் போனது. தலைவலி வருகிறது என்று மதினி என்னிடம் வந்து அழுதாள். "நீங்க சொன்னா கேப்பாக தம்பி. ஒங்க மேல ஒரு நம்பிக்கை அவியளுக்கு."

மறுநாள் மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மில் கேட்டுக்குப் போனேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உட்காருலே என்றார். உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே சொன்னேன். பட்டா நனைந்தது மாதிரி ஆகிவிடக் கூடாது என்று லேமினேஷன் போட்டது, கறுத்துப் போனது, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தது, கவுண்டரில் ஒண்ணுமில்ல என்றது, டாக்டர் எல்லா வாரமும் வந்திருந்தது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்தது. அண்ணன் தலையை முழுவதுமாக இடது பக்கம் திருப்பி, அதன் நம்பரைப் பார்த்து எழுதினார். அது உள்ளே போனதும் நோட்டை மூடினார்.

"மூணு வாரமும் ஒங்கிட்டக் கேட்டேன்லா" என்றார்.

"கேட்டீங்கண்ணே."

"எங்கிட்டச் சொல்லிருந்தா நானே போன் போட்டுக் கேட்டிருப்பேனலே. ஒனக்கு எம்புட்டு எடத்துல நான் பேசிருக்கேன். இதுக்குப் பேச மாட்டனா?"

எனக்குப் பயம் டாக்டரிடம், கவுண்டரில் இருந்த பெண்ணிடம், பெஞ்சில் இருந்த பதினோரு பேரிடம். அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கே இன்றுவரை தெரியவில்லை.

"ஊரெல்லாம் அந்த மனுசன ஏசிட்டேன்" என்றார். பிறகு, "நீ போ. வேலையப் பாரு" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அவரும் மதினியும் மட்டும் டாக்டரிடம் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நடந்ததை மதினி சொல்லித்தான் தெரியும். உள்ளே போனதும் அண்ணன் உட்காராமல் நின்று, ஒங்களப் பல பேருகிட்டத் தப்பாப் பேசிட்டேன் சார் என்றாராம். டாக்டர் அதை விடுங்கள் என்று சொல்லி ஸ்கேனைப் பார்த்தாராம். கட்டி வளரவில்லை. தலைவலிக்குக் காரணம் வேறு ஏதோ, மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த மூன்று வாரத்தில்தான் கண் போனதா என்று அண்ணன் கேட்டாராம். அதை யாராலும் சொல்ல முடியாது என்றிருக்கிறார். மதினி இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. போயிருக்கும் என்றோ போயிருக்காது என்றோ யாராவது உறுதியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அண்ணன் என்னோடு பேசாமல் இல்லை. பொங்கலுக்குச் சேர்ந்துதான் சாப்பிட்டோம். ஆனால் எனக்கு வேலை பேச அவர் வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. திக்கித் திக்கி நானே பேசிக்கொள்கிறேன். இந்த வருஷமும் ஸ்கேன் நாள் வந்தது. நானும் வரட்டுமா என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"வேண்டாம்லே, ஒனக்கு எதுக்கு வேலை கெட்டு" என்றார்.

தன்மையாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பின்னாலேயே பஸ் ஏறியிருப்பேன்.